குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர்

மத்திய மலைநாட்டில் ஊற்றெடுத்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கடலைச் சேர்வதற்கு முன் கிளை பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கம் போய்க் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மற்றது வெருகல் ஆறு என்ற பெயரோடு, சித்திர வேலாயுத சுவாமி கோயிலைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையோரம் அது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் இங்கே தங்கி, ஆற்றில் முழுகி, மறுபடி நடப்பார்கள்.

மாரி காலத்தில் இந்த ஆற்றில் சவர்க்காரம் போட்டுக் குளித்தால் நுரை பொங்கும். அதே சவர்க்காரத்தைக் கடற்கரைப் பக்கத்துக் கிணற்றடியில் போட்டுப் பாருங்கள். நுரைக்கு முன்னர் வெள்ளையாகத் திரிந்த ஒரு கசடு வரும், தலைமயிர் வைக்கோலாகும், வேட்டி எத்தனை முறை அலசினாலும் பழுப்பேறும். இரண்டும் தண்ணீர்தான். ஒன்று மென்னீர், மற்றது வன்னீர்.

கிழக்குக் கரையின் ஊர்களில் நம் முன்னோருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது. வளவுக்குள் ஒரு கிணறு இருக்கும். குளிக்க, கழுவ, மரக்கறித் தோட்டத்துக்கு ஊற்ற அது போதும். குடிக்கவும் உலைவைக்கவும் ‘நல்ல தண்ணிக் கிணறு’ வேறாக இருக்கும். அரை மைல் நடந்தாவது குடத்தில் அதை எடுத்து வருவார்கள். பிறகு மோட்டர் வந்தது, கூரைமேல் தாங்கி வந்தது, சுவருக்குள் பைப் வந்தது. வசதி பெருகியது, அதோடு அந்தப் பாகுபாடு மறைந்தும் போனது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, மலசலகூடத்தில் ஊற்ற எல்லாவற்றுக்கும் ஒரே குழாய், ஒரே தண்ணீர். பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் கட்டடங்களில் இன்று வன்னீர் தரும் தொல்லையில் பெரும் பகுதி இந்த ஒரே குழாயிலிருந்துதான் தொடங்குகிறது.

வன்மை எங்கிருந்து வருகிறது

மழைத்துளி தரையில் விழும்போது அதில் கல்சியமோ மகனீசியமோ இல்லையென்றே சொல்லலாம். மண்ணுக்குள் இறங்கும்போது கதை மாறுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணிடைக் காற்றில் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கிறது. அது நீரில் கரைந்து மென்மையான ஓர் அமிலமாகிறது. அந்த அமிலம் வழியில் உள்ள சுண்ணாம்புப் பொருளைக் கரைக்கிறது. கடலோர மணலில் சிப்பியும் சங்கும் பவளமும் பொடிந்து கலந்திருக்கும். அவை எல்லாம் கல்சியம் காபனேற்று. கரைந்தபின் அது கல்சியம் இருகாபனேற்றாக நீரில் மறைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரும் கடும் வன்னீராக இருக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதே வேலை மிகப் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே நிலத்தின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினால் சுண்ணாம்புக்கல்லையே வெட்ட வேண்டும். ஆகவே அங்கே தண்ணீர் வன்மையாக இருப்பதில் புதுமை இல்லை. கிழக்கில் சுண்ணாம்புக்கல் பாறை அப்படிப் பரவியில்லாவிட்டாலும், உலர் வலயத்தின் வெயில் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. ஆண்டின் பெரும்பகுதி ஆவியாதல் கூடுதலாக இருப்பதால், மண்நீரில் கரைந்த உப்புகள் செறிந்துகொண்டே போகின்றன. மழை கொட்டும் ஈர வலயத்தில் அவை கழுவப்பட்டுப் போய்விடும். களனி கங்கையின் நீரைக் குடிக்கும் கொழும்பு வீட்டுக் கேத்திலில் வெள்ளைப் படிவு அரிதாக இருப்பதும், நம் வீட்டுக் கேத்திலில் மாதத்துக்குள் படிவதும் இதனால்தான்.

வன்மையை அளக்க விஞ்ஞானிகள் ஒரு வசதியான வழக்கத்தைக் கையாள்கிறார்கள். நீரில் உள்ள கல்சியம், மகனீசியம் இரண்டையும் சேர்த்து, அது எவ்வளவு கல்சியம் காபனேற்றுக்குச் சமம் என்று மில்லிகிராமில் சொல்வார்கள். ஒரு லீற்றரில் 60 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மென்னீர். 120 முதல் 180 வரை வன்னீர். 180 ஐத் தாண்டினால் கடும் வன்னீர். இலங்கையின் குடிநீர்த் தரக் கட்டளையான எஸ்.எல்.எஸ். 614 அனுமதிக்கும் உச்சம் 250 மில்லிகிராம். இந்தியத் தரக் கட்டளை 200 ஐ விரும்பத்தக்க எல்லையாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. இரண்டு நாடுகளின் எண்கள் இவ்வளவு வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. வன்மைக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. இந்த எல்லைகள் பெரும்பாலும் சுவையையும் சவர்க்காரத்தையும் குழாயையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

கேத்திலின் அடியும் பருப்புப் பானையும்

வன்மையில் இரண்டு வகை உண்டு. இருகாபனேற்றால் வருவது நிலையில்லா வன்மை, கொதிக்கவைத்தால் போய்விடும். சல்பேற்று, குளோரைட்டு என்பவற்றோடு சேர்ந்து வருவது நிலையான வன்மை. எவ்வளவு கொதித்தாலும் போகாது.

சோடாப் போத்தலைத் திறந்தால் வாயு சீறி வெளியேறுவது நமக்குத் தெரியும். வன்னீரைச் சூடாக்கும்போதும் அதுதான் நடக்கிறது. காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, அதை நம்பிக் கரைந்திருந்த சுண்ணாம்புக்குப் பிடிமானம் போய்விடுகிறது, அது மறுபடி கல்லாகிக் கேத்திலின் அடியில் ஒட்டுகிறது. சிப்பியாக இருந்தது கரைந்து, மீண்டும் கல்லாகிறது. சீனியும் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்றோ சூடேறக் கரைதிறன் குறையும் பொருள். அதனால்தான் குளிர்ந்த நீரில் அமைதியாக இருப்பது, அடுப்பில் ஏறியவுடன் வெளிப்படுகிறது.

இந்தப் படிவு வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உருக்கு கடத்துவதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. ஆகவே படிவு பிடித்த கேத்திலுக்கு மின்சாரமும் நேரமும் கூட வேண்டும். சூடாக்கும் சுருளின் வெப்பம் நீருக்குப் போக வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே தங்குவதால், அது விரைவில் எரிந்தும் போகும்.

பருப்பு அவியவில்லை, கடலை கல்லுப்போல் கிடக்கிறது என்று சமையலறையில் எழும் முறைப்பாட்டுக்கும் இதுவே காரணம். பருப்பின் கலங்களை ஒட்டிவைத்திருப்பது பெக்ரின் என்னும் பசை. நீரில் உள்ள கல்சியம் அந்தப் பசையின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் அவியும் என்று நம் தாய்மார் கண்ட கைமுறைக்குப் பின்னால் இரசாயனம் இருக்கிறது: காரத்தன்மை கூடும்போது அந்தப் பசை தளர்கிறது.

தேநீர்க் கோப்பையின் மேல் எண்ணெய்ப் பாடைபோல ஒரு மெல்லிய படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலையில் குறையென்று கடைக்காரரைக் குற்றம் சொல்வோரும் உண்டு. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கல் ஸ்பைரோவும் ஜகன்யியும் இதை ஆராய்ந்து 1993 இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நீரின் கல்சியமும் இருகாபனேற்றும் இருக்கும்போது, தேயிலைச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் சேர்த்தால் படலம் வராது. தேசிக்காய் பிழிந்த பிளேன்ரீ பளிச்சென்று தெளிந்திருப்பது ஏனென்று இப்போது விளங்கும்.

ஆறு வீடு, ஒரு தாங்கி

2006 இல் போரால் இடம்பெயர்ந்த மக்கள் பின்னர் மீளக் குடியேறிய வெருகல்–ஈச்சிலம்பற்றுப் பகுதியில் புதுக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. அங்கே ஆசிரியர்களோ ஆஸ்பத்திரி ஊழியர்களோ பகிர்ந்து வாழும் இரண்டு மாடி விடுதி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கிணறு, ஒரு மோட்டர், கூரையில் ஒரு கறுப்புத் தாங்கி, கீழே மூன்று வீடு, மேலே மூன்று வீடு. குடியேறி ஓராண்டில் மேல்மாடி ஷவரில் நீர் நூலாகிறது. ‘கீழ்வீட்டுக்காரர் எல்லாத்தையும் இழுத்துப்போடுறாங்கள்’ என்று மேல்வீட்டில் கதை தொடங்கும்.

உண்மையில் நடப்பது வேறு. கூரைத்தாங்கியிலிருந்து வரும் நீரை அழுத்துவது அதன் உயரம் ஒன்றுதான். தாங்கியின் நீர்மட்டத்துக்கும் மேல்மாடி ஷவருக்கும் இடையே 2 மீற்றர் இருந்தால், கீழ்மாடி ஷவருக்கு 5 மீற்றர் இருக்கும். அழுத்தத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். எல்லாக் குழாயிலும் ஒரே அளவு சுண்ணாம்பு பிடித்தாலும், அழுத்தம் குறைந்த மேல்மாடிக்கே முதலில் தெரியும். கீழ்மாடியில் அதே நோய் இருக்கும்; அறிகுறி பிந்தித்தான் வரும்.

குழாய் எவ்வளவு அடைத்தால் நீர் எவ்வளவு குறையும்? 13 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள அரை அங்குலக் குழாயின் சுவரைச் சுற்றி 2 மில்லிமீற்றர் படிவு பிடித்தால், எஞ்சும் விட்டம் 9 மில்லிமீற்றர். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் நீர் பாயும் வேகமும் உராய்வும் சேர்ந்து கணக்கிடும்போது, அதே அழுத்தத்தில் கிடைக்கும் நீர் முன்னைய அளவில் ஏறத்தாழ 40 சதவீதமாகச் சுருங்கிவிடும். படிவின் கரடுமுரடு அதை இன்னும் குறைக்கும்.

எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் கல் பிடிப்பதில்லை. குளிர்ந்த நீர் ஓடும் நேரான பி.வி.சி. குழாயில் மெதுவாகவே பிடிக்கும். அழுத்தம் திடீரென்று குறையும் இடம், நீர் காற்றைத் தொடும் இடம், சூடேறும் இடம், சொட்டுச் சொட்டாக நின்று காயும் இடம் என்பவைதான் அதன் இருப்பிடம். ஷவரின் துளைகள், பைப்பின் வாய், மலசலகூடத் தொட்டியின் மிதவை வால்வு எல்லாம் இதில் அடங்கும். மிதவை வால்வு இறுகி மூடாமல் போனால் இரவு முழுக்கத் தண்ணீர் ஒழுகும், மோட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும், மாத முடிவில் மின்கட்டணம் எல்லா வீட்டுக்கும் சேர்ந்து ஏறும்.

கூரையின் கறுப்புத் தாங்கியும் ஒரு பெரிய கேத்தில்தான். சித்திரை வெயிலில் அதன் நீர் நன்றாகவே சூடேறுகிறது. வாயு வெளியேறி, சுண்ணாம்பு மெல்லிய தூளாக அடியில் அடைகிறது; அதோடு கிணற்றின் இரும்புக் கசடும் மணலும் சேரும். தாங்கியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவி, அடிக்கசடு வெளியேற அடிமட்டத்தில் தனி வால்வு வைத்து, அதன்மேல் நிழல் விழ ஒரு தகரக் கூரை போட்டால், வீட்டுக்குழாய்களுக்குள் இறங்கும் கல்லில் ஒரு பகுதியை அங்கேயே நிறுத்தலாம். பெரிய செலவில்லை. ஆனால் ஆறு வீட்டில் யார் ஏறிக் கழுவுவது என்று ஒரு முறை வகுக்கப்பட வேண்டும். பொதுவான தாங்கி ‘யாருடையதும் அல்லாத தாங்கி’ ஆகும்போதுதான் எல்லாக் குழாயும் அடைபடுகிறது.

ஷவரின் தலையைக் கழற்றி வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ ஓரிரவு ஊறவிட்டால் படிவு கரைந்துவிடும். கடையில் விற்கும் கடும் அமிலத்தைக் குழாய்க்குள் ஊற்ற வேண்டாம். நாகம் பூசிய இரும்புக் குழாயையும் பித்தளை வால்வையும் அது தின்றுவிடும். அமிலத்தையும் வெண்மையாக்கும் குளோரின் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. மூச்சுக்குழலைச் சுட்டெரிக்கும் குளோரின் வாயு அதிலிருந்து கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரையே பறிக்கும்.

கிணற்றின் அடியில் கடல்

வெருகலைப் போன்ற கரையூர்களில் வன்மைக்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு: கடல். கடல்நீரின் வன்மை ஏறத்தாழ 6,300 மில்லிகிராம். கல்சியத்தைவிட மகனீசியமே அதில் மிகுதி. நூறு லீற்றர் கிணற்றுநீரில் இரண்டு லீற்றர் கடல்நீர் கலந்தாலே வன்மை 120 மில்லிகிராமுக்கு மேல் கூடிவிடும்.

கடலோர மணலுக்குள் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியியலாளர் படோன் கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ட்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதன் கணக்கைக் கண்டார்கள். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே அது ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு இருக்கும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே அடர்த்தி கூடியது. அதனால் வந்த எண் இது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலேறும். துலாவாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில் கிணற்றுக்கு ஊற அவகாசம் கிடைத்தது. ஆறு வீட்டுக்கு ஒரு மோட்டர் இரண்டு மணிநேரம் விடாமல் இறைக்கும்போது, கிணற்றின் நேர் அடியில் உவர்நீர் கூம்புபோல் மேலே இழுபடுகிறது.

அப்படி நுழையும் கடல்நீர் கலப்பதோடு நின்றுவிடுவதில்லை. மண்ணிலுள்ள களித்துகள்களில் கல்சியம் ஒட்டியிருக்கும். கடல்நீரின் சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கல்சியத்தை நீருக்குள் தள்ளுகிறது. இதனால் நிலையான வன்மை கூடுகிறது. இது கொதிக்கவைத்தும் போகாத வன்மை. மண் இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் என்பதை 1850 இல் இங்கிலாந்தில் தொம்சனும் வேயும் கண்டறிந்தார்கள். வன்னீரை மென்மையாக்கும் இயந்திரங்களின் விதை அந்த ஆய்வில்தான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் ஆயிரக்கணக்கான கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. சேற்றையும் உப்பையும் அகற்ற மோட்டர் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அளவுக்கு மீறி இறைப்பது அடியிலுள்ள உவரை மேலே இழுக்கும் என்ற எச்சரிக்கை பின்னர் வந்தது. மட்டக்களப்புக் கரையில் நடந்த ஆய்வுகள், கிணறுகளின் உப்பைப் பெரும்பாலும் குறைத்தது இறைப்பு அல்ல, அடுத்தடுத்து வந்த மழைதான் என்று காட்டின. கரையூர்க் கிணற்றைப் பற்றி நாம் மறக்கக் கூடாத பாடம் அது. மருந்து வானத்திலிருந்து வந்தது. அளவுக்கு மீறிய இறைப்பு காயத்தை ஆழமாக்கக் கூடியது.

ஆகவே பகிர்ந்து வாழும் கட்டடத்தில் மோட்டரை ஒரேயடியாக ஓடவிடாமல், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது நல்லது. கிணற்றை ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை கரையூருக்குப் பொருந்தாது. இங்கே ஆழம் போகப் போகக் கடல்தான் நெருங்கும்.

மென்மையாக்கலாம், ஆனால்

வன்னீரை மென்மையாக்கும் முயற்சி புதிதல்ல. 1841 இல் அபர்தீனைச் சேர்ந்த தோமஸ் கிளார்க் சுண்ணாம்பைக் கொண்டே சுண்ணாம்பை நீக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். நீற்றிய சுண்ணாம்பைக் கணக்காகச் சேர்த்தால், கரைந்திருந்த கல்சியமும் சேர்த்த கல்சியமும் ஒன்றாகப் படிந்துவிடும். பெரிய நீர் நிலையங்களுக்கு இது ஏற்றது. வீட்டுக்குச் சரிவராது, அளவு தவறினால் தண்ணீர் காரமாகிவிடும்.

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஆழ்துளைக் கிணற்று நீரின் வன்மைக்கு மென்மையாக்கும் இயந்திரம் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விற்கிறார்கள். அதன் உள்ளே இருப்பவை ரெசின் மணிகள். அவற்றில் சோடியம் ஒட்டியிருக்கும். வன்னீர் ஊடாகப் போகும்போது மணிகள் கல்சியத்தைப் பிடித்துவைத்துச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் அடர்ந்த உப்புநீரை ஊற்றிக் கல்சியத்தைத் துரத்துவார்கள். கடலோர மண்ணுக்குள் கடல் நுழையும்போது நடக்கும் அதே பரிமாற்றத்தை, ஒரு தொட்டிக்குள் நம் வசதிக்குத் திருப்பிச் செய்வதுதான் இந்த இயந்திரம்.

இயந்திரத்துக்கு விலையோடு வேறொரு விலையும் உண்டு. நீக்கும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் வன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 400 மில்லிகிராம் வன்மையை நீக்கினால் 184 மில்லிகிராம் சோடியம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறுநீரக நோயாளிகளும் அந்த நீரைக் குடிக்காமல் இருப்பதே நல்லது. கழுவி வெளியேறும் உப்புநீரை எங்கே விடுவது? வெருகலின் மணலில் வளவுக்குள் விட்டால், சில வாரத்தில் அது நம் கிணற்றுக்கே திரும்பி வரும். பொது வடிகால் இல்லாத மணலூரில் இந்த இயந்திரம் தன் கிணற்றுக்குத் தானே உப்பூட்டும் ஏற்பாடாக முடியும்.

ஆர்.ஓ. எனப்படும் நுண்சவ்வு வடிகட்டி வன்மையையும் உப்பையும் புளோரைட்டையும் ஒருங்கே நீக்கும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த நாட்பட்ட சிறுநீரக நோயைத் தொடர்ந்து, இலங்கைக் கடற்படை தயாரித்த நூற்றுக்கணக்கான ஆர்.ஓ. நிலையங்கள் கிராமங்களில் நிறுவப்பட்டன. அந்த நோயின் காரணம் இன்றுவரை ஒன்றென்று முடிவாகவில்லை; வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயில், நீரிழப்பு எல்லாம் ஆராயப்படுகின்றன. நோயை வன்மை ஒன்றின் தலையில் கட்டுவதற்கு ஆதாரமில்லை. ஆனால் குடிநீரைப் பரிசோதிக்காமல் குடிக்கக் கூடாது என்பதற்கு அந்த நோயே போதிய காரணம். கொதிக்கவைப்பதால் புளோரைட்டோ நைத்திரேற்றோ போகாது. நீர் வற்ற வற்ற அவை செறியவே செய்யும். தேற்றாங்கொட்டை உரைத்துப் போடுவது கலங்கலைத் தெளிவிக்கும் அருமையான பழைய வழி. கரைந்திருக்கும் வன்மையை நீக்குவது அதன் வேலையல்ல. குழாயில் காந்தம் கட்டினால் கல் பிடிக்காது என்று விற்கப்படும் கருவிகளுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ஆர்.ஓ. இயந்திரமோ உள்ளே போகும் நீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியே தள்ளும். ஆறு வீட்டின் குளியலுக்கும் துவைப்புக்கும் அதைப் பயன்படுத்துவது, வற்றும் கிணற்றை இன்னும் வற்றச் செய்வதாகும்.

அளவுக்கு மீறிய மென்மையும் குழாய்க்கு ஆகாது. மெல்லிய சுண்ணாம்புப் படலம் உலோகக் குழாய்க்குப் போர்வைபோல, அரிப்பைத் தடுக்கும். நீர் படியவைக்குமா அரிக்குமா என்று கணிக்க 1936 இல் லாங்கிலியர் ஒரு சுட்டியை வகுத்தார். 2014 இல் அமெரிக்காவின் பிளின்ற் நகரில் நீர்மூலத்தை மாற்றி, அரிப்புத் தடுப்பும் செய்யாமல் விட்டபோது, பழைய குழாய்களின் பாதுகாப்புப் படலம் கரைந்து ஈயம் வீடுவீடாகப் போனது. நீரின் இரசாயனத்தை மாற்றுகிறவர் குழாயின் பாதுகாப்பையும் மாற்றுகிறார்.

எந்த நீர் எந்த வேலைக்கு

இந்த இடத்தில் முன்னோரின் பாகுபாடு மறுபடி வழிகாட்டுகிறது. ஒருவர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு ஏழெட்டு லீற்றர் போதும். குளிக்க, துவைக்க, கழுவ நூறு லீற்றருக்கு மேல் வேண்டும். நூறு லீற்றரும் மென்னீராக இருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நல்ல நீராக இருக்க வேண்டியது அந்த எட்டு லீற்றர்தான்.

அந்த எட்டு லீற்றர் நம் கூரையில் விழுகிறது. திருகோணமலைப் பக்கத்தின் ஆண்டு மழை 1,500 மில்லிமீற்றரைத் தாண்டும். அதில் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்று தருவது. 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். சிந்துவதும் ஆவியாவதும் போக, ஆண்டுக்கு ஓர் இலட்சம் லீற்றருக்கு மேல் பிடிக்கலாம். நால்வர் குடும்பத்துக்கு நாளுக்கு 32 லீற்றர் என்று வைத்தால், 5,000 லீற்றர் தாங்கி ஐந்து மாத வரட்சிக்குப் போதும். ஆறு வீட்டுக்கு 30,000 லீற்றர். பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 1990களின் நடுப்பகுதியில் சீமெந்தும் கம்பிவலையும் கொண்டு கட்டிய வீட்டுத்தாங்கிகளின் கொள்ளளவும் இந்த 5,000 லீற்றர்தான். தமிழ்நாடு 2003 இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. வெருகலில் அதைச் செய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முதல் மழையின் முதல் இருநூறு லீற்றரை வெளியே விட்டுவிட வேண்டும். தூசியும் பறவை எச்சமும் அதோடு போகும். தாங்கியின் வாய்களை நெருங்கிய வலையால் மூட வேண்டும். இல்லையேல் டெங்கு நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டியவர்களாவோம். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். தாங்கி நிரம்பி வழியும் நீரைக் கிணற்றருகே ஒரு குழிக்குள் விட்டால், மணலின் நன்னீர் வில்லை தடிக்கும். கிணற்றின் வன்மையும் உவரும் மெல்ல இறங்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் சமையலறைக்கு ஒரு தனிக் குழாய் போட்டுவிடுங்கள். சுவர் பூசுவதற்கு முன்னர் அதற்கு ஆகும் செலவு சில குழாய்த் துண்டுகள்தான். பூசிய பின்னர் சுவரை உடைக்க வேண்டும். ஏற்கெனவே கட்டியிருப்பவர்கள் முற்றத்தில் மழைநீருக்கு ஒரே ஒரு பைப் வைத்தாலே போதும். குடத்தைத் தூக்கும் தூரம் நம் பாட்டிமார் நடந்த அரை மைல் அல்ல, பத்து அடி.

தொடங்குவதற்கு முன் உங்கள் கிணற்றின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்றில் மழைநீர், மற்றதில் கிணற்றுநீர். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரத் துருவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரையின் வித்தியாசமே உங்கள் கிணற்றின் முதல் அறிக்கை. அதன்பின் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் வன்மையும் குளோரைட்டும் புளோரைட்டும் நைத்திரேற்றும் பரிசோதியுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. அந்தத் தாளை ஆறு வீடும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஒரே கிணற்றில் இறைத்துக் குடிப்பவர்கள், கிணற்றைக் காக்கும் முடிவையும் ஒன்றாக உட்கார்ந்தே எடுக்க வேண்டும்.